எருதின் நிழலுக்குக் கூலி உண்டா?

வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யைப் படித்துச் சிரிக்காத தமிழ்க் கத்தோலிக்கர் நம்மில் குறைவு. அதில் வாடகை எருதின் கதை ஒன்று வருகிறது. குருவும் சீடர்களும் ஒரு கிழ எருதை வாடகைக்குப் பேசிக்கொண்டு வழி நடக்கின்றனர். மரமற்ற வெளி, கடும் வெயில். தளர்ந்துபோன குருவை எருதின் நிழலிலேயே கிடத்திச் சீடர்கள் விசிறுகின்றனர். ஊர் சேர்ந்ததும் எருதுக்காரன் பேசிய வாடகையோடு நிற்கவில்லை. எருதின் நிழலுக்கும் தனியாகக் கூலி கேட்கிறான். பேச்சு முற்றி வழக்காகிறது. தீர்த்து வைக்க வந்தவர், குழம்பின் வாசனைக்கு விலை கேட்ட ஒருவனுக்குக் காசின் வாசனையையே கூலியாகக் கொடுத்த பழைய வழக்கொன்றை எடுத்துச் சொல்கிறார். எருதுக்குக் காசு உண்டு, நிழலுக்குக் காசு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இக்கதையை எழுதிய முனிவர்தாம் விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பியவர். 1726இல் அவர் பாடி முடித்த தேம்பாவணியின் தலைவரும் ஓர் அரசர் அல்லர். கைத்தொழில் செய்து குடும்பம் காத்த தச்சர் சூசையப்பர். தொழிலாளியின் மாண்பைக் காவியமாகவும், நியாயமற்ற கூலியை நகைச்சுவையாகவும் ஒரே கை எழுதியிருக்கிறது. எது எருது, எது நிழல் என்று பிரித்தறியும் கடமை நமக்கும் உண்டு. அண்மைக்காலத்தில் நம் ஊர்களில் பரவியுள்ள ஒரு தொழிலை முன்வைத்து இதைச் சிந்திக்க விரும்புகிறேன். வீட்டின் உட்புறத்தைத் திட்டமிட்டு வடிவமைத்துத் தரும் தொழில் அது. ‘இன்டீரியர்’ என்ற பெயரில் எல்லாரும் அறிந்தது.

நான்கு கோடுகள்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், பணி ஓய்வின்போது கிடைத்த தொகையைக் கொண்டு விருத்தாசலத்திலுள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உள் வடிவமைப்பைப் படித்துவிட்டு அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். அழைத்தேன், வந்தார். இரண்டு நாள் மாலைகளில் வீடு முழுவதையும் அளந்தார். முதுகுவலியால் வருந்தும் என் மனைவியை நிற்கச் சொல்லி, முழங்கையின் உயரத்தை அளந்து, சமையல் மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் ஒடுங்கிக் கிடந்த சுரூபங்களுக்கு, மேற்குச் சன்னலின் மாலை ஒளி விழும் மூலையில் ஒரு மாடம் வரைந்தார். ஒரு வாரம் கழித்து வரைபடத்தைக் கொண்டுவந்து, அதற்கு 8,000 ரூபாய் கேட்டார்.

“தம்பி, நாலு கோடு போட்டதற்கா எட்டாயிரம்? வேலையை உன்னிடம் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அவர் தலை குனிந்தபடி போய்விட்டார். வேலையை அவரிடம் கொடுக்கவில்லை. வரைபடத்தைத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை அப்படியே செய்து முடித்தார். இன்றும் மாலைச் செபமாலையின்போது அந்த மாடத்தில் ஒளி வந்து விழுகிறது. விழும்போதெல்லாம், விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்ட ஒன்றின் முன் முழந்தாளிட்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் தோன்றவில்லை. தோன்றியது மிகத் தாமதமாகத்தான்.

நான் செய்த பிழை எது? வரைபடத்தை எருதின் நிழல் என்று எண்ணினேன். பலகையும் டைல்சும் பொருள்கள். அவற்றுக்கு விலை உண்டு. ஆசாரியின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கூலி உண்டு. சிந்தனையோ வாயால் சொல்வது, தாளில் கோடாக நிற்பது; அதற்கு எதற்குக் காசு என்பதே நம்மில் பலரின் எண்ணம்.

மறைநூல் அவ்வாறு எண்ணவில்லை. விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் தம் திருக்கூடாரத்தை அமைக்கப் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைக்கிறார். திட்டமிடும் ஞானத்தாலும் கலைத்திறனாலும் அவரை நிரப்பியது இறை ஆவியே என்று அந்நூல் கூறுகிறது. சீராக்கின் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் உழவரையும் கொல்லரையும் குயவரையும் வரிசையாகக் காட்டுகிறது. சக்கரத்தைக் காலால் சுழற்றி, மெருகில் கவலை வைத்து, சூளையைக் காக்க விழித்திருக்கும் குயவரின் காட்சி அங்கே உண்டு. பீங்கான் நகரில் வாழும் நமக்கு அது கண்ணெதிரே காணும் காட்சியே. மின் இன்சுலேட்டரும் அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் நம் ஊர்க் கூடங்களில், மண் உலரும்போதும் சுடும்போதும் எவ்வளவு சுருங்கும் என்று முன்னறிந்து அச்சைப் பெரிதாக அமைக்கிறார்கள். அந்த அறிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது இல்லையேல் சூளையிலிருந்து வெளிவருவது அளவு தவறிய பொருளாகவே இருக்கும். இத்தகையோர் இல்லாமல் நகர் எதுவும் வாழாது என்றும், தொழிலே அவர்களது வேண்டுதல் என்றும் சீராக்கு அந்த அதிகாரத்தை முடிக்கிறார். ஆகவே வடிவமைப்பாளரின் சிந்தனை நிழல் அன்று; அதுவே எருது.

உண்மையான நிழல்

அவ்வாறெனில் நிழல் எது? 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்று கேட்டு விடை தருகிறார். விற்பவர் அப்பொருளைப் பிரிவதால் தமக்கு ஏற்படும் இழப்பை விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவரின் சிறப்பான தேவையால் மட்டும் பொருளின் பயன் பெருகுமானால், அதைக் காட்டி விலையை ஏற்றலாகாது. அத்தேவை விற்பவருக்கு உரியதன்று, தமக்கு உரியதல்லாததை எவரும் விற்க முடியாது என்கிறார். வெயில் எருதுக்காரனுடையதன்று. குருவின் களைப்பும் அவனுடையதன்று. நிழல் விழுந்ததால் அவன் இழந்ததும் ஏதுமில்லை. நம் முனிவரின் கதையை அக்குவினாசின் அளவுகோல் கொண்டு அளந்தால் தீர்ப்பு மாறுவதில்லை.

இந்த அளவுகோலை வீட்டு வேலைக்குப் பொருத்திப் பார்ப்போம். மகளின் திருமணத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்று ஒரு தந்தை தவிக்கிறார். அதற்காக இரவிலும் ஆளை நிறுத்தி வேலை வாங்கினால் அந்த மிகைக் கூலியைக் கேட்பது நீதி. அது வடிவமைப்பாளரின் செலவு. ஆனால் வேலையும் ஆளும் வழக்கம்போலவே இருக்க, தந்தையின் தவிப்பைப் பார்த்துத் தொகையை உயர்த்தினால் அது நிழலுக்குக் கேட்கும் கூலி. மகன் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீட்டுக்கு ஒரு விலை, உள்ளூர் ஆசிரியர் வீட்டுக்கு வேறு விலை என்பதும் அதுவே. ஏழைக்கு விட்டுக்கொடுப்பது அன்பு. அதை மனமுவந்து செய்யலாம். விவரம் அறியாதவரிடம் கூட்டி வாங்குவது அநீதி. பிறரது அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதை, 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2409) ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களுள் சேர்த்துள்ளது.

விற்கும் பொருளில் மூவகைக் குறை நேரலாம் என்றும் அக்குவினாஸ் வகுக்கிறார்: பொருளே வேறாக இருப்பது, அளவில் குறைவது, தரத்தில் குறைவது. அறிந்தே அவ்வாறு விற்றவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இவ்வகுப்பு இன்றைய வீட்டு வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது! நீரில் ஊறினாலும் கெடாத, 710ஆம் எண் இந்தியத் தர முத்திரை பெற்ற மரைன் பிளைவுட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சாதாரணப் பிளைவுட்டின் மேல் மைக்காவை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? இது முதல் வகை. 2க்கு 2 அடி டைல்ஸ் பெட்டிக்கு 4 வீதம் வருகிறது; ஒரு பெட்டி ஏறத்தாழ 16 சதுர அடி. வெட்டில் வீணாவதற்காகச் சிறிது கூடுதலாக வாங்குவது முறை. அந்த வீணைப் பெருக்கிக் காட்டி, மிஞ்சிய பெட்டிகளை அடுத்த வேலைக்கு எடுத்துச் செல்வது இரண்டாம் வகை. முதல் தரத்துக்கு விலை போட்டு இரண்டாம் தரத்தைப் பதிப்பது மூன்றாம் வகை. பீங்கானில் மெருகுக்கு அடியிலுள்ள விரிசலைக் கண் காணாது. தட்டிப் பார்த்தால் ஒலி காட்டிக் கொடுத்துவிடும். வீட்டு வேலையிலோ தட்டிப் பார்க்கும் அறிவு வாடிக்கையாளருக்கு இல்லை. அந்த அறிவுக்காகத்தான் அவர் வடிவமைப்பாளரை அமர்த்தியிருக்கிறார். காவலுக்கு வைத்தவரே கதவைத் திறந்து விடுவது போன்றது இது.

மறைவான கழிவு

இத்தொழிலில் மனச்சான்றை அதிகம் சோதிப்பது ‘கமிஷன்’ எனப்படும் கழிவு. வடிவமைப்பாளர் வாடிக்கையாளரை டைல்ஸ் கடைக்கோ பிளைவுட் கடைக்கோ அழைத்துச் செல்கிறார். விலையில் ஒரு பங்கு, வாங்கியவருக்குத் தெரியாமல், பின்னர் அவர் கைக்கு வந்து சேர்கிறது. “எல்லாரும் வாங்குகிறார்கள். நான் வாங்காவிட்டால் கடைக்காரர் விலையைக் குறைக்கவா போகிறார்?” என்று கேட்கப்படுகிறது. கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தத் தொகை வானத்திலிருந்து வரவில்லை. வாடிக்கையாளரின் பில்லுக்குள்ளிருந்தே வருகிறது. குறைக்க முடிந்த தொகை என்றால் அது அவர் பெயரில் அல்லவா குறைய வேண்டும்? அதைவிடப் பெரிய கேடும் உண்டு. எந்த டைல்ஸ் நல்லது என்று சொல்லும் நாக்கு ஏற்கெனவே விலை போயிருக்கிறது. இரு தலைவர்களுக்கு ஒருவர் ஊழியம் செய்ய முடியாது என்று ஆண்டவர் சொன்னது இங்கும் பொருந்தும். கழிவை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, தம் கட்டணத்தில் கழித்துக்கொள்பவர் குற்றவாளி அல்லர். மறைவே அதை நஞ்சாக்குகிறது.

கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1989இல் வகுத்த நடத்தை விதிகளும் உண்டு. வேலையையோ வாடிக்கையாளரையோ பெறுவதற்காகக் கழிவும் பரிசும் கொடுப்பதையும் வாங்குவதையும் அவை தடுக்கின்றன. உள் வடிவமைப்பாளர்களுக்கு அத்தகைய சட்டப் பதிவு நம் நாட்டில் இல்லை. எனவே அங்கே மனச்சான்றே விதி. வேறு காவல் குறைவு.

ஆனால் இந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தேன். என்னிடம் 8,000 ரூபாய் கேட்டுப் பெறாத அந்த இளைஞரின் கடைப் பலகையில் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘வரைபடம் இலவசம்’. ஒரு நாள் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, “இலவசமாக வரைந்தால் பிழைப்பு எப்படி, தம்பி?” என்று கேட்டேன். “சார், கோட்டுக்கு யாரும் காசு தருவதில்லை. கடையில் தருகிறார்கள்” என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவர் குரலில் இல்லை. நான்தான் குத்துண்டேன். எருதுக்குக் கூலி மறுத்த நாம்தாம் அவரை நிழலை விற்கும்படி தள்ளியிருக்கிறோம். வெளிப்படையான கட்டணத்தைக் கொடுக்க மனமில்லாத வாடிக்கையாளர், மறைவான கட்டணத்தை அறியாமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார். இடையில் இழப்பது அந்த இளைஞரின் நேர்மை.

போதும் என்று சொல்பவர்

கட்டணம் எம்முறையில் இருந்தால் நியாயம்? சதுர அடிக்கு இவ்வளவு என்பர் சிலர். முழு வேலைக்கு ஒரே தொகை என்பர் சிலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்பர் வேறு சிலர். ஒவ்வொன்றிலும் வசதி உண்டு, சோதனையும் உண்டு. நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொண்டால், 6 லட்ச ரூபாய் வேலைக்கு 60,000. அதே வேலை 9 லட்சமாக வளர்ந்தால் 90,000. வாடிக்கையாளரின் செலவு கூடக் கூடத் தம் வருவாய் கூடும் நிலையில், “இந்தப் பால்ஸ் சீலிங் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை” என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இங்கே மீண்டும் பெட்சலேலை நினைக்கிறேன். திருக்கூடார வேலைக்காக மக்கள் நாள்தோறும் காணிக்கைகளைக் கொண்டுவந்து குவித்தபோது, அவரும் உடன் உழைத்த கலைஞரும் மோசேயிடம் போய், தேவைக்கு மேல் வந்துவிட்டது என்றார்கள். மோசே அறிவிப்புக் கொடுத்து மக்களைத் தடுத்து நிறுத்தினார். கொடுப்பவர் கையைத் தாமே பிடித்து நிறுத்திய வேலைக்காரர்கள் அவர்கள்! அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில், கோவிலைப் பழுதுபார்க்கப் பணம் பெற்றவர்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவர்கள் அவ்வளவு நாணயமாய் நடந்தார்கள் என்று படிக்கிறோம். கணக்கு எழுதாமல் விட்டால் அந்த நம்பிக்கை வந்துவிடாது. போதும் என்று சொல்லத் தெரிந்தவர்களே அதைப் பெறுகிறார்கள்.

நாமோ மோசேயின் காலத்து மக்கள் அல்லர். ஆதலால் எழுதிக்கொள்வது நல்லது. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் கேட்டார் (லூக்கா 14). வரைபடத்துக்கு எவ்வளவு, அதை எத்தனை முறை மாற்றித் தரப்படும், பொருள்களின் தரம் என்ன, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், கடைக் கழிவு வந்தால் யாருக்கு ஆகிய ஐந்தும் ஒரு தாளில் இருந்தால் பாதிச் சண்டை இல்லை. வாடிக்கையாளருக்கும் கடமைகள் உண்டு. சுவரில் ஏறிய டைல்சை, உறவினர் ஒருவர் முகம் சுளித்தார் என்பதற்காகப் பெயர்க்கச் சொல்லிவிட்டு, “அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பது பிறர் உழைப்பைத் திருடுவதே. விலையை ஒரு ரூபாய் பிசகாமல் எவராலும் குறித்துவிட முடியாது. சிறிதளவு ஏற்றமும் இறக்கமும் நீதியைக் குலைப்பதில்லை என்று அக்குவினாசும் ஒப்புகிறார். வேண்டுவது துல்லியத்தைவிட நல்லெண்ணம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். கடைசி நாளில் நாம் பேரம் பேசிக் குறைக்கும் தொகை பெரும்பாலும் வடிவமைப்பாளரின் பையிலிருந்து குறைவதில்லை. அது டைல்ஸ் பதித்தவரின், தேய்த்து மெருகிட்டவரின், மண் சுமந்த பெண்ணின் கூலியில் போய் இறங்குகிறது. கூலியை மறுநாள்வரை வைத்திருக்காதே என்று தோபித்து தம் மகனுக்கு அறிவுறுத்தினார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே கூலி நியாயமாகிவிடாது, ஒப்பந்தத்துக்கு முந்திய நீதி ஒன்று உண்டு என்று 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் தொழிலாளர் திருமடலில் கற்பித்தார். வீட்டை மந்திரிக்கக் குருவானவரை அழைக்கும் முன், அவ்வீட்டில் யாருடைய கூலியாவது தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கடன்

சென்ற தவக்காலத்தில் அந்த இளைஞரின் கடைக்குப் போனேன். அவர் இப்போது இளைஞர் அல்லர். இரு பிள்ளைகளின் தந்தை. வரைபடத்துக்கான 8,000 ரூபாயையும், இத்தனை ஆண்டு தாமதத்துக்காக இன்னும் கொஞ்சத்தையும் வைத்தேன். வாங்க மறுத்தார். இது அன்பளிப்பு அன்று, கடன் என்று விளக்கினேன். கூடுதலை மட்டும் திருப்பித் தந்துவிட்டு, 8,000 ரூபாய்க்கு இரசீது எழுதினார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “சார், நீங்கள் என்னைத் தேடி வந்து கொடுத்துவிட்டீர்கள். நான் கடைகளில் வாங்கியதையெல்லாம் யாரிடம் போய்க் கொடுப்பது?”

எனக்கு உடனே விடை வரவில்லை. உரியவர் தெரிந்தால் உரியவருக்கு, தேடியும் தெரியாவிட்டால் ஏழைகளுக்கு என்பது திருச்சபையின் பழைய போதனை. அதைச் சொன்னேன். அவரிடம் பழைய பில் புத்தகங்கள் இருந்தன, பெயர்களும் இருந்தன. உரியவர் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுமையில் என் பங்கு எவ்வளவு என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்தார் என்பதை நான் கேட்கவில்லை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது. பலகையில் அந்த ‘இலவசம்’ என்ற வரி மட்டும் இப்போது இல்லை.

நாசரேத்தில் சூசையப்பர் செய்த கதவுக்கும் கலப்பைக்கும் என்ன விலை சொன்னார் என்று நற்செய்தி எழுதவில்லை. அவர் நீதிமான் என்று மட்டும் எழுதியிருக்கிறது. விலை சொல்லும்போதும் அவர் நீதிமானாகவே இருந்திருப்பார். அவரிடம் வாங்கியவர்களும், கேட்ட விலையைக் கொடுக்கும்போது, அவரைப்போல் நீதியாய் நடந்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். நம் வீடுகளுக்கும் அதுவே என் வேண்டுதல்.